வில்பிரட் வரும் நேரம்

“வந்துட்டாக,” என்று கடற்கரைச் சாலையில் அப்படியே நின்றுவிட்டாள் பிளாரன்ஸ். நெஞ்சில் கிளம்பிய சூடு கழுத்துக்கு ஏறியது. காலைக் காற்றிலும் முகம் வேர்த்துக் கொட்டியது.

கூட நடந்துகொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் கிருபை அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்தாள். “யாருக்கா?”

“அவுகதான். அங்கன வேகுதாக. அந்தச் சூடு இங்கன எனக்குத் தெரியுது.”

பிளாரன்ஸின் கணவன் வில்பிரட், மாலத்தீவுக்குப் போன சரக்குத் தோணியில் மாரடைப்பு வந்து இறந்து ஒன்றரை வருடமாகிறது. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புக் கேட்க நேரமில்லாமல் போன ஆத்துமா, சுத்தமாகும்வரை மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவேயுள்ள உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்பில் கிடக்கும் என்பது அவள் சிறுவயதில் படித்த பாடம். அவர் இறந்த மாதத்தில்தான் அவளுக்கு மாதவிடாயும் நின்றது. சூடும் அப்போதுதான் தொடங்கியது.

கிருபை சிரித்துவிட்டாள். “எங்க நாசரேத் ஊர் புராட்டஸ்டன்ட்காரங்களுக்கு நேரா மேல, இல்லைன்னா நேரா கீழ. நடுவுல ஸ்டாப்பிங்கே கெடையாதுக்கா.”

“சிரிக்காதளா. இது அவுக சூடுதானான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“துறைமுகத்துல மீன் ஏத்துற ஐஸ் கன்டெய்னர் பாத்திருக்கீங்கல்லா? உள்ள ரெண்டு டிகிரி ஏறுனாத்தான் மோட்டார் ஓடணும். அதைக் கால் டிகிரிக்கே ஓடுற மாதிரி வச்சுட்டா? சும்மா சும்மா ஓடும். ஹார்மோன் குறைஞ்சதும் ஒங்க மூளையும் அப்படித்தான் ஆயிட்டு. துளிச் சூட்டுக்கே ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி, வேர்வையைக் கொட்டுது.”

“அதுக்கு நடந்தா சரியாயிருமோ?”

“நடந்து, எடை தூக்கிப் பழகினா, ஒடம்பு சூட்டை நிதானமா வெளியேத்தப் படிச்சுக்கிடும். எல்லாருக்கும் ஒண்ணுபோலக் கேக்காது. நாலு மாசம் பாப்போம். குறைஞ்சா அது ஒங்க ஒடம்பு. குறையலைன்னா, அது வில்பிரட் அத்தான்னே வச்சுக்கிடுங்க.”

பிளாரன்ஸ் தலையசைத்தாள்.

தினமும் அரைமணி நேர நடை. ஒருநாள் விட்டு ஒருநாள், மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்குவது. முதல் நாளே இடதுகை தோளுக்கு மேல் போகவில்லை.

“பழைய அடி. அவுக ஊர்ல இருந்தப்போ வழுக்கி விழுந்துட்டேன்,” என்றாள் பிளாரன்ஸ். கிருபை அந்தக் கைக்கு மட்டும் வேறு பயிற்சி வைத்தாள்.

சூடு வரும்போதெல்லாம் கோயில் காலண்டரில் ஒரு சிலுவை போடச் சொல்லியிருந்தாள் கிருபை. முதலில் ஒரு நாளுக்கு எட்டு சிலுவைகள் நெருக்கியடித்து நின்றன. இரண்டாம் மாதம் அது ஐந்தானது. நான்காம் மாதக் கடைசியில் ஒரு வாரம் முழுக்க வெறும் தேதிகள்தான் இருந்தன.

காலண்டர் தாளைப் பார்த்துக் கிருபை துள்ளிவிட்டாள். “பாத்தீங்களா! நான்தான் சொன்னேன்லா? வில்பிரட் அத்தான் எங்கயும் வேகலை. எல்லாம் ஒங்க மூளை செஞ்ச வேலை.”

பிளாரன்ஸ் கடற்கரைச் சுவரில் மெல்ல உட்கார்ந்தாள். வலக்கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் திரண்டு கன்னத்தில் இறங்கியது. இந்த முறை வேர்வை இல்லை.

கிருபை அருகில் உட்கார்ந்து அவள் தோளைத் தொட்டாள். “அழாதீங்கக்கா. அத்தான் நிம்மதியா இருக்காக. ஒரு நெருப்பும் அவுகளைத் தொடலை.”

பிளாரன்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்போ ஆண்டவர் அவனைச் சும்மாவா விட்டுட்டாரு?”