எக்ஸ்ரே பார்த்த பசு

உலகில் இதுவரை பிறந்த எந்த மாட்டு வியாபாரியாலும் எக்ஸ்ரேயை ஏமாற்ற முடிந்ததில்லை. இனிமேல் பிறக்கவிருப்பவர்களும் அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. இதை அவர் வியாபாரியின் கொட்டகையில் நின்று, வியாபாரியிடமே சொன்னார். எக்ஸ்ரே என்பது ஊர் வைத்த பட்டப்பெயர். அவர் சந்தேகப்படாமல் தண்ணீர்கூடக் குடித்ததில்லை என்பது கூட நின்ற மனைவிக்குத் தெரியும்.

பசுவின் பல்லைப் பிடித்துப் பார்த்தார். கொம்பில் சாயம் பூசியிருக்கிறதா என்று எச்சில் தொட்டுத் தேய்த்தார். பாலை உள்ளங்கையில் பீய்ச்சி முகர்ந்தார். பாலைவிட வேறொரு வாசனை தூக்கலாக இருந்தது.

"என்னப்பா, சென்ட்டா? மாட்டுக் கொட்டகையில எதுக்கு இந்தப் புது மாப்பிள்ளை வேஷம்? துரைக்கு சாணி நாத்தம் ஆகலையோ?"

வியாபாரி நெளிந்தான். "அதை விடுங்கண்ணே. கன்னு ஊட்டுறதைப் பாருங்க."

அவிழ்த்துவிட்டதும் கன்று மடியை முட்டி முட்டிக் குடித்தது. பசு அசையாமல் நின்றது.

"மனுஷன் பொய் சொல்லுவான். தாயும் பிள்ளையும் சொல்லாதுடி" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, இருந்த சேமிப்பு முழுவதையும் எடுத்துக் கொடுத்தார் எக்ஸ்ரே.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கன்றைக் குளிப்பாட்டினாள். மறுநாள் காலை பசு அதை முகர்ந்து பார்த்து விட்ட உதையில், கன்று சுவரோரம் போய் விழுந்தது. எக்ஸ்ரே கறக்க உட்கார்ந்தால் பசு பாலை அடக்கிக்கொண்டது.

"இது அவ பெத்த கன்னே இல்லைங்க. அவ கன்னு செத்திருக்கும். நேத்து குளிப்பாட்டும்போதே இது மேலயும் அந்த சென்ட் வாசம். ரெண்டுக்கும் ஒண்ணையே தடவி, அவளுக்கு அடையாளம் தெரியாம பண்ணியிருக்கான். திருப்பிக் கொடுத்துட்டு வாங்க."

"ஏமாந்துட்டேன்னு நானே போய்ச் சொல்லணுமா? ஊரே சிரிக்கும். வெளியில மூச்சு விட்டுடாதே."

புட்டியில் பால் கொடுத்தால் கன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்று முழுக்கப் பட்டினி.

அடுத்த நாள் காலை மனைவி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். எக்ஸ்ரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பசுவின் மூக்கிலும் கன்றின் முதுகிலும் அவளுடைய சென்ட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பசு முகர்ந்தது, குழம்பியது, விட்டுக்கொடுத்தது. கன்று வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனுக்குள்ளும் ஈரம் இருக்கிறது. இத்தனை வருஷமாக அவள்தான் கவனிக்கவில்லை.

அதற்குள் வாசலில் யாரோ ஒருவர் வந்து நின்று குரல் கொடுத்தார்:

"மாடு விலைக்கு இருக்குன்னு போன் பண்ணீங்களே, பார்க்கலாமா?"