குழியில் தங்கிய இனிப்பு

கடைவாய்ப் பல்லின் நடுவில் கடுகளவு குழி ஒன்று இருந்தது. பள்ளிக்கூட வாசலில் வாங்கிய கமர்கட்டு போட்ட குழி அது. வருஷங்கள் போன பிறகும், எந்த இனிப்பு வந்தாலும் ஒரு துணுக்கை அதில் ஒதுக்கிக்கொண்டு பல் அந்த நாள்களை நினைத்துக் கிடக்கும். நாக்கும் அடிக்கடி வந்து தடவிப் பார்க்கும்.

"இப்பல்லாம் ரொம்பக் கூசுது போலிருக்கே. நம்ம ஆளுக்குத் தெரியற மாதிரி வலிச்சிடு. டாக்டர் அடைச்சுவிடுவார்" என்றது நாக்கு.

"அடைச்சா அந்த ருசியும் போயிடும். நீ வாயை மூடிட்டு இரு."

கூச்சத்தைப் பல் அடக்கியே வைத்திருந்தது.

ஒரு நாள் பக்கத்துப் பல் மெதுவாகக் கூப்பிட்டது. "அண்ணே, உங்களை ஒட்டின இடத்துல எனக்கு என்னமோ அரிக்குது."

நாக்கு போய்ப் பார்த்தது. "கறுப்பா ஒரு புள்ளி" என்றது.

மறுநாள் ஆள் பானைத் தண்ணீரை ஒரு வாய் குடித்ததும், கடைவாய்ப் பல் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துச் சுரீரென்று வலித்தது. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் கிளம்பினார்.

"இத்தனை நாள் கழிச்சு இப்ப என்னடா?" என்றது நாக்கு.

"தம்பி ஈறைக் கிழிச்சுக்கிட்டு முளைச்சப்போ பக்கத்துல நான்தான்டா இருந்தேன்" என்றது பல்.