பார்க்காத கடைசி எபிசோடு

“எப்பப் பாத்தாலும் வில்லன் கதைதானா?” என்றாள் மனைவி.

“அவனுக்குள்ளயும் ஒரு வலி இருக்கும்டி.”

“அப்புறம் ஏன் கடைசி எபிசோடு மட்டும் பாக்கறதில்ல?”

“மாட்டிக்குவான். பாக்க மனசு வராது.”

மாடியிலிருந்து விழுந்து, பேச்சும் அசைவும் போன தம்பிக்குத் துணையாக, அவன் கட்டிலருகில் உட்கார்ந்துதான் அவர் தினமும் தொடர் பார்ப்பார். “அண்ணன்னா இவர்தான்” என்று தெருவே மெச்சியது.

இன்றும் கடைசி எபிசோடு வந்தது. டிவியை அணைத்து, ரிமோட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு, தம்பியின் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தார்.

சட்டென்று டிவி மறுபடி ஓடத் தொடங்கியது.

அவர் பதறித் தம்பியின் விரல்களைப் பார்த்தார். “டேய்... உனக்குக் கை அசையுதா? சத்தியமா வேணும்னு தள்ளலடா! ஆத்திரத்துல கண்ணு மண்ணு தெரியல...”

கொழுந்தனுக்கு மருந்தோடு வந்த மனைவி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தம்பி அசையவே இல்லை. ரிமோட் அவருடைய முழங்கைக்கு அடியில் கிடந்தது.