முக்கால் இஞ்சு ஸ்பேனர்

எங்கள் அச்சகத்தில் இருக்கும் பழைய சீமை மிஷின் நின்றுவிட்டால், முதலாளி மணிமுத்துவைத்தான் கூப்பிடுவார். அதன் நட்டுகளுக்கு முக்கால் இஞ்சு ஸ்பேனர் வேண்டும். அது அவனிடம் மட்டும்தான் இருந்தது. நானும் பதினைந்து வருட ஃபிட்டர்தான். ஆனால் என் பெட்டியில் இருப்பதெல்லாம் எம்எம் அளவு.

வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. நேற்று அவன் பையிலிருந்து அந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் ஆனைக்குட்டம் அணையில் வீசிவிட்டேன்.

இன்று காலண்டர் ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மிஷின் நின்றது. மணிமுத்து பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினான்.

"முக்கால் இஞ்சு இல்லாம இப்ப என்னலே செய்வே?" என்றேன். உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

"பத்தொன்பது எம்எம் இருந்தாப் போதும்லே. ரெண்டும் ஒரே அளவுதான்."

தூக்கிவாரிப் போட்டது. "என் பத்தொன்பதுதான் போன தீவாளி சீசன்லயே காணாமப் போச்சே!"

மணிமுத்து முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தான்.

"கோவிச்சுக்கிடாதலே. அதைத்தான் நம்பரைத் தேச்சுட்டு, இஞ்சு ஸ்பேனர்னு சொல்லி நான் வச்சிருந்தேன். இப்ப அதையும் எந்தக் களவாணிப் பயலோ தூக்கிட்டான்!"