டீக்கு வாங்க

“டீக்குத்தானே கூப்பிட்டாங்க? இங்க பாத்தா ஒரு படைக்கே சமைச்சு வெச்சிருக்காங்க!” மனைவியின் காதோரம் முணுமுணுத்தார் மருந்துக்கடைக்காரர். டீதானே என்று வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்.

“அவங்க வளர்ந்த ஊர்ல டீன்னா ராத்திரிச் சாப்பாடாம். மிச்சம் வெச்சா மரியாதைக் குறைச்சலாம். நம்ம பொண்ணு வாழப் போற வீடு, பேசாம சாப்பிடுங்க.”

பேசாமல் இருப்பதுதான் மனிதருக்கு ஆகாத காரியம். இவர் மகளும் இந்த வீட்டுக்காரரான பல் டாக்டரின் மகனும் ஒருவரையொருவர் விரும்பிக் கல்யாணத்துக்குக் காத்திருக்க, அப்பாக்கள் இருவரும் போனில் பேசிய முதல் பேச்சே ரகளையாகிவிட்டது. இவர் பிஸ்கட் என்றால் அவர் குக்கீ என்றார். இவர் லிஃப்ட் என்றால் அவர் எலிவேட்டர் என்றார். யார் இங்கிலீஷ் சரி என்று ஆரம்பித்தது, “இந்தச் சம்பந்தமே வேண்டாம்!” என்பதில் வந்து நின்றது. சமாதானத்துக்குத்தான் இன்றைய டீ. இன்றும் முட்டிக்கொண்டால் கல்யாணம் அவ்வளவுதான்.

“வர்ற வழியில காருக்கு கேஸ் போட்டீங்களா? எங்க தெருமுனையில விலை கம்மி” என்றார் பல் டாக்டர்.

மருந்துக்கடைக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. “கேஸா? அது அடுப்புக்குங்க! காருக்குப் போடறது பெட்ரோ...”

“இந்தத் துண்டை மட்டும் விட்டுடாதீங்க!” மனைவி ஒரு முழுக் கோழிக்காலை அவர் தட்டில் வைத்தாள். கடித்தார். வாய் அடைத்துக்கொண்டது.

“அடுப்புக்கா? என்ன சொல்ல வர்றீங்க?” பல் டாக்டர் சிலிர்த்துக்கொண்டு நிமிர்வதற்குள் அவர் தட்டில் ஒரு குவியல் உருளைக்கிழங்கு விழுந்தது.

“வந்தவங்க சாப்பிடறப்போ நீங்க வாய் பாத்துட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு?” என்றாள் அவர் மனைவி.

சூப் வந்தது. மறுபடி சோறு வந்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். கடைசியில் கேக் வந்தபோது பல் டாக்டரிடமிருந்து அறையே அதிரும்படி ஓர் ஏப்பம் கிளம்பியது. மருந்துக்கடைக்காரர் குபீரென்று சிரித்துவிட்டார்.

“சிரிக்காதீங்க சம்பந்தி, சத்தியமா இனிமே ஒரு வாய் இறங்காது!”

“எனக்கு மட்டும் இறங்குமா சம்பந்தி? பெல்ட்டைக் கழட்டியே அரை மணி நேரமாச்சு!”

கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்த கையோடு கல்யாணத் தேதியும் குறித்தார்கள். மருந்துக்கடைக்காரருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

வாசலில் வழியனுப்பும் சாக்கில் பல் டாக்டரின் மனைவி கிசுகிசுத்தாள்: “தப்பிச்சோம் அண்ணி! டீன்னா ராத்திரிச் சாப்பாடுங்கிறது உங்க ஊர் வழக்கம்னு இவரை நம்ப வெக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு.”

“நான் மட்டும் என்ன, அது உங்க ஊர் வழக்கம்னு அடிச்சு விட்டேன்” என்றாள் மருந்துக்கடைக்காரரின் மனைவி. “வாயில சோறு இருக்கற வரைக்கும்தானே அண்ணி, இவங்க வாயில சண்டை வராது!”