பகல் பன்னிரண்டு பதினேழு

ஜப்பானின் சுகுபா ஆய்வுக்கூடத்தில் பெட்டி என்பது கணினிக்குள் மூடிவைத்திருக்கும் தரவு. அணுவுக்குள் இருக்கும் நுண்துகளான குவார்க்கில் கனமான ஒன்று மிக அரிதான வகையில் சிதைந்திருந்தால் அதன் தடம் அதற்குள் இருக்கும். எந்தச் சல்லடையில், அதாவது எந்த விதிகளைக் கொண்டு, அதைச் சலிப்பது என்று முடிவுசெய்யும்வரை யாரும் உள்ளே பார்க்கக் கூடாது. பார்த்தவர் தனக்கு வேண்டியபடி சலித்துவிடுவார்.

அங்கே ஆராய்ச்சி செய்யும் குராமோச்சி ஆகஸ்டில் ஒரு நாள் பார்த்துவிட்டாள். ஒரே ஒரு தடம் இருந்தது. அப்படிச் சிதைவதே இல்லை என்பதுதான் அவளுடைய ஆறு வருட வாதம்; பெட்டியில் எதுவும் இல்லாவிட்டால்தான் அது நிலைக்கும். சல்லடையைக் கொஞ்சம் இறுக்கினாள். தடம் விலகிப்போனது. யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பரில் எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்தார்கள்.

“பூஜ்யத்தப் பாக்கவா ஆறு வருஷம்னு எங்கம்மா கேக்குறாங்க, குராமோச்சி-சான்,” என்றான் கூட வேலை செய்யும் தோபே. திரையைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. “ஒண்ணு இருக்கே. பதிவான நேரம் ஆகஸ்ட் ஒன்பது, பகல் பன்னிரண்டு பதினேழு. சென்செய், கோடையில தரவெடுக்கற மெஷினே ஓடலையே?”

ஆகஸ்டில் குராமோச்சி உள்ளே பார்த்தபோது திரையின் மூலையில் இருந்த நேரம் அது.

சென்செய் என்று அவன் அழைத்த பேராசிரியர் ஹதகேயாமா திரையின் பக்கம் குனிந்தார். அவள் எழுந்து தலை தாழ்த்தினாள்.

“மன்னிச்சிடுங்க, சென்செய். அன்னைக்கு நான் உள்ள பாத்துட்டேன். ஒண்ணு இருந்துச்சு. அது விழாத மாதிரி சல்லடைய மாத்தினதும் நான்தான்.”

அவர் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினார். பிறகு, “சல்லடையப் பழையபடி வைம்மா,” என்றார்.

வைத்தாள். சல்லடை தளர்ந்ததால், அவள் விலக்கியதும் சேர்ந்து இப்போது இரண்டு தெரியும் என்று காத்திருந்தார்கள்.

பெட்டி காலியாக இருந்தது; சற்று முன் தெரிந்த தடமும் இல்லை.

“அப்போ அன்னைக்கு நீங்க எதப் பாத்தீங்க?” என்றான் தோபே.