மகாராணியின் வாயில் ஒரு முடி

"முடி! முடி சார்! இதோ பாருங்க, முடி!"

இடுக்கி நுனியில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ராம்கி கத்தினான். புதையல் எடுத்தவனின் முகம்.

தொம்மலூரில் ஆறேழு சிறு தொழிற்சாலைகள் கூட்டாக நடத்திய பட்டறை அது. அங்கே எல்லாருக்கும் பொதுவாக ஓர் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இருந்தது. செல்லப் பெயர் மகாராணி. உள்ளே இருக்கும் காற்றை ஒட்ட உறிஞ்சி எடுத்தால்தான் அவள் கண் திறப்பாள். இரண்டு நாளாக பம்ப் தொண்டை கிழியக் கத்தியும் பலனில்லை. ரிப்பேருக்கு வந்த ராம்கி கதவைத் திறந்து பார்த்தான். கதவு பதியும் ரப்பர் வளையத்தில், கிரீஸில் ஒட்டிக்கொண்டு சொகுசாகப் படுத்திருந்தது அந்த விரல்நீள முடி.

"இந்த ஒத்தை முடிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார் மேனேஜர் ஆதிகேசவன்.

"காத்து நுழைய இதுவே ஹெப்பாகிலு சார்," என்றான் ராம்கி. அரண்மனை வாசலே திறந்து கிடந்த மாதிரி கைகளை அகல விரித்துக் காட்டினான்.

ஆதிகேசவன் மெல்லத் திரும்பினார். அவர் பார்வை மகாராணியை இயக்கும் நிருபமாவின் முதுகில் இறங்கி, இடுப்பைத் தாண்டி, பின்னலின் நுனியில் போய் நின்றது. அந்தப் பட்டறையில் மகாராணிக்கு அடுத்தபடி புகழ்பெற்றது அந்தப் பின்னல்தான்.

"ஏம்மா, மெஷினுக்குள்ள சாம்பிள் வைக்கறது நீதானே?"

"நான்தான் சார். ஆனா அது என் தலையில முளைச்ச முடி இல்லை."

"அப்ப என் தலையில முளைச்சதா?" அவர் தன் கரிய கிராப்பை வருடிக்கொண்டார். "இத்தனை வருஷத்துல இதுலேர்ந்து ஒண்ணு உதிர்ந்து பார்த்திருக்கியா? ஒரு நரை உண்டா? ராம்கி, அந்த ஃபேனை நிறுத்துப்பா, தூசி பறக்குது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி இன்னிக்கு கமிட்டிக்கு எழுதறதா இருந்தேன். மெஷினுக்கு முடி ஊட்டறவளை நான் எந்த வாயால சிபாரிசு பண்றது?"

நிருபமா அணைந்து கிடந்த திரையைப் பார்த்தாள். அந்தக் கறுப்பு வெள்ளைத் திரையில் ஒரு துளித் துரு அவளுக்கு அடர்ந்த காடாகத் தெரியும். ஒரு தூசு பனிமலையாக நிற்கும். வேலை போனால் அந்த நாடுகள் அத்தனையும் போய்விடும்.

"யாரோடதுன்னு மகாராணியையே கேட்டுடலாமே சார்?" என்றான் ராம்கி.

பழைய கிரீஸைத் துடைத்தான். புதிதாக ஒரு பூச்சுப் பூசி, கதவைச் சாத்தி, பம்பைப் போட்டான். சற்று நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"ஆயித்து! மகாராணி ரெடி. மேடம், ஒப்பிட்டுப் பார்க்க உங்க முடி ஒண்ணு வேணும். பின்னல் நுனியிலேர்ந்து எடுங்க. அதுதானே கதவுல உரசும்?"

"பின்னல்ல கை வச்சீங்கன்னா தெரியும்!"

அவள் சீறிய சீற்றத்தில் ராம்கி இரண்டடி பின்வாங்கினான். நிருபமா நெற்றியோரத்தில் ஒரு முடியைப் பிடுங்கி நீட்டினாள். நியாயம் என்றால் எல்லாருக்கும் நியாயம் என்று ராம்கியும் மீசையில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு "அம்மா!" என்றான். மேனேஜரைக் கேட்கும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

படம் தெளிவாக விழ வேண்டுமே, மூன்று முடிக்கும் மெல்லியதாகத் தங்கம் பூசப்பட்டது.

"என் மீசைக்கு வந்த வாழ்வைப் பாருங்க மேடம். என் பொண்டாட்டி கேட்டா வீட்டுல சோறு கிடைக்காது."

மூன்றையும் உள்ளே வைத்தார்கள். திரையில் முதலில் நிருபமாவின் முடி. ஓடு வேய்ந்த கூரை போல வரிசை வரிசையாகச் செதில்கள். அடுத்து மீசை. அதே செதில்கள், ஆனால் பனைமரம் போல முரட்டுத்தனம். கடைசியாகக் குற்றவாளி.

வழுவழுவென்று, தண்ணீர்க் குழாய் மாதிரி இருந்தது அது.

"செதில் எங்கப்பா?"

"இல்லை சார். மனுஷன் முடின்னா செதில் இருக்கணும். ஆடு மாடுக்குக்கூட இருக்கும். இது முடியே இல்லை. நைலான்!"

ஆதிகேசவனின் முகம் வெளுத்தது. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பிறகு இரண்டு கைகளாலும், குக்கர் மூடியை எடுப்பது போல, தலையிலிருந்த கிராப்பைத் தூக்கினார். கீழே புத்தம்புது பேரிங் குண்டு மாதிரி பளபளத்தது அவர் மண்டை.

"முந்தாநாள் மெஷினைப் பார்க்க வந்தவங்களுக்கு உள்ளே குனிஞ்சு குனிஞ்சு காட்டினேன்ல... அப்ப விழுந்திருக்கும்." கிராப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "என் சம்சாரத்துக்கு மட்டும்தான் தெரியும். வெளியே விட்டுடாதீங்கப்பா."

"எங்களோட போயிடும் சார்," என்றாள் நிருபமா கனிவாக.

"உன்னைப் போய் சந்தேகப்பட்டேனே, மன்னிச்சுடும்மா. சிபாரிசை இப்பவே எழுதிடறேன்."

"பரவாயில்லை சார். ஆனா இனிமே இப்படி ஒரு பேச்சே வரக்கூடாது. மகாராணிக்காக என் பின்னலைப் பாதியா வெட்டிக்கறேன்."

"இவ்வளவு முடியையா? ஒரு மெஷினுக்காகவா?" ஆதிகேசவனுக்குக் கண் கலங்கிவிட்டது. முடியின் அருமை அவருக்குத்தானே தெரியும்.

சிபாரிசுக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டதும், நிருபமா பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டு, பின்னலோடு பின்னியிருந்த சவுரியை உருவிக் கைப்பையின் அடியில் திணித்தாள். அதன் நைலான் நுனியில் மகாராணியின் பழைய கிரீஸ் இன்னும் பிசுபிசுத்தது.